எண்ணெய் படக்கூடாத இடம்

"ரெண்டு நாளா வீடு பூட்டிக் கிடந்துச்சே, எங்க போயிருந்தீங்க அக்கா?"

"கோலோக்குக்கு. வலைக்கு நூல் வாங்கணும்னான் தம்பி. தொணைக்குப் போனேன்."

"கல்யாணத்துக்கு உடுத்துற சரிகைப் பட்டு சோங்கெட்டை உடுத்திக்கிட்டா நூல் வாங்கப் போனீங்க?"

"கடைக்காரன் மதிச்சு வெலை சொல்லணும்ல."

"சொன்னானா?"

"என்னது?"

"வெலை."

மைமூன் கொடியில் காற்றாடக் கிடந்த சோங்கெட்டை இழுத்து மார்போடு சேர்த்து மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அது ஆறு வருடத்துக்கு முந்தைய பேச்சு. அதற்குப் பிறகு கல்சோமும் அவள் நாத்தனார் மைமூனும் பேசாமல் இருந்துவிடவில்லை. ஒரே தென்னந்தோப்பில் எதிரெதிர் வீடு. கிணறு ஒன்று. உப்பு தீர்ந்தால் இங்கிருந்து அங்கே போகும், எலுமிச்சைப் புல் வேண்டுமென்றால் அங்கிருந்து இங்கே வரும். கோலோக் என்ற சொல் மட்டும் அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. இருவரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் பாச்சோக் கடற்கரையில் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை அது. முதல் மனைவியிடம் சொல்லவும் கோர்ட்டில் அனுமதி கேட்கவும் துணிச்சல் இல்லாத ஆண்கள் ஆற்றைக் கடந்து தாய்லாந்துப் பக்கம் கோலோக்குக்குப் போவார்கள். காலையில் படகு, மத்தியானம் நிக்காஹ், சாயங்காலம் கையில் ஒரு பொட்டலம் பலகாரத்தோடு வீடு. கல்சோமின் புருஷன், மைமூனின் தம்பி டெராமானும் அப்படித்தான் செய்தான். பெண் அந்தப் பக்கத்து நராத்திவாத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவள் என்று மீன் லாரி ஓட்டுகிறவன் பெண்டாட்டி வந்து சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுத் தரப்பில் மோதிரத் தட்டோடு போய் நின்றது அக்கா மைமூன்தான் என்றும் சொன்னாள்.

டெராமான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்துப் படகில் வேலை என்றான். மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு கூடை மீனை வைத்துவிட்டு, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனான். கல்சோம் நிக்காஹ் வழக்கெல்லாம் பார்க்கிற காதி ஆபீசுக்குப் போய்த் தன்னை விடுவித்துத் தரும்படி மனுக் கொடுத்தாள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டாவது நிக்காஹ் நடக்கவே இல்லை என்று புருஷன் சத்தியம் செய்கிறானே, அதைக் கண்ணால் பார்த்தவர் யாராவது வந்து சொல்வார்களா என்று கேட்டார். லாரிக்காரன் காதால் கேட்டவன். கண்ணால் பார்த்தவள் ஒருத்திதான். கல்சோம் யாருமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மைமூனிடம் போய்க் கேட்பதற்கு அவள் நாக்கு வளையவில்லை. 'நான் ஏன் கேக்கணும்? அவளா வந்து சொல்லணும். அழுதுகிட்டே வந்து சொல்லணும்' என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தே ஆறு வருடம் போனது. விடவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட மனைவியைக் கயிறில்லாமல் தொங்குகிறவள் என்பார்கள். கல்சோம் தொங்கிக்கொண்டே மீன் அப்பளம் போட்டாள்.

மீன் அப்பளம் குனிந்து செய்யும் வேலை. சாளை மீனை முள்ளெடுத்து அரைத்து, ஜவ்வரிசி மாவோடு பிசைந்து, பலகையில் முழங்கை நீளத்துக்கு உருட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். மறுநாள் இறுகியதும் காகிதம்போலச் சீவி, பாயில் ஒவ்வொன்றாகப் பரப்ப வேண்டும். எல்லாமே குனிந்து. கல்சோமுக்குப் பதினாலு வயதிலிருந்தே மார்பு பெரிது. மகள் பிறந்த பிறகு இன்னும் பெருத்துவிட்டது. பலகை முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கும் மாவுக்கும் நடுவில் அதுதான் முதலில் வந்து நிற்கும். உள்ளாடைப் பட்டை இரண்டு தோளிலும் கட்டைவிரல் புதையும் அளவுக்குப் பள்ளம் பறித்திருந்தது. வெயில் காலத்தில் மார்புக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகும். பழைய சாரோங்கைக் கிழித்து மடித்து அங்கே செருகிக்கொள்வாள். கழுத்திலிருந்து புறப்படும் வலி மத்தியானத்துக்குள் விரல் நுனிக்கு வந்து சேரும். கத்தி பிடிக்க முடியாமல் போகும்.

கோத்தா பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் குறைத்துவிடலாம் என்று சொல்லியே எட்டு வருடமாகிறது. அன்றைக்கு டெராமானிடம் சொன்னபோது அவன் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான். "அது உன்னோடதுன்னு யார் சொன்னா? நிக்காஹ் பண்ணினவன் நானு. வெட்டிட்டு என் வீட்டுப் படி ஏறாத" என்றான். அன்று மைமூனும் அங்கே இருந்தாள். அவளும் சிரித்தாள் என்பது கல்சோமின் கணக்கு. சிரிக்கவில்லை, இருமினேன் என்பது மைமூனின் கணக்கு.

இந்த வருடம் மழைக்காலம் தொடங்கியதும் கல்சோம் யாரிடமும் சொல்லாமல் போய் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். மழைக்காலத்தில் படகு போகாது, அப்பளம் காயாது. எங்கள் ஊர்ப் பெண்கள் பல்லைப் பிடுங்குவது, கர்ப்பப்பையை எடுப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். ஜோகூரில் தொழிற்சாலையில் இருக்கும் மகள் நோரைனியிடம் மட்டும் போனில் சொன்னாள். அவளுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் லீவு கிடைக்கும். "தனியா என்னம்மா பண்ணுவே?" என்று அவள் அழுதாள். கல்சோமுக்கு அழுகை வரவில்லை. டெராமான் அடுத்த முறை வந்து பார்க்கும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்ற நினைப்பே அவளை ஆபரேஷன் மேஜை வரை கைபிடித்துக் கூட்டிப்போனது.

டாக்டர் அம்மா ஒரு தாளில் வரைந்து காட்டினார். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே நேராக ஒரு கோடு, அடியில் மடிப்போடு ஒரு வளைவு. இப்படித்தான் தையல் வரும் என்றார். பார்த்ததும் கல்சோம் சிரித்துவிட்டாள். படகு நங்கூரமேதான். நங்கூரத்தின் தண்டும் வளைவும் சேருகிற இடம்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம், இழுவை அங்கேதான் அதிகம், உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, அந்த மூலை பிரிந்துகொள்ளப் பார்க்கும் என்றார் டாக்டர். அதனால் தையல்மேல் சாதாரணக் கட்டு இல்லை, காற்றை உறிஞ்சும் கட்டு போடுவதாகச் சொன்னார்.

கண் விழித்தபோது அது அவள் உடம்பில் இருந்தது. இரண்டு பக்கமும் தையல் ஓடிய வழியெல்லாம் மெத்தென்ற பட்டை, அதன்மேல் தோலோடு தோலாக ஒட்டிய மெல்லிய படலம். அதிலிருந்து புறப்பட்ட குழாய்கள் ஒரு சின்னப் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. சட்டைப்பையில் அடங்குகிற பெட்டி. உள்ளே இருக்கிற காற்றை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். படலம் சுருங்கி, தையலின் இரண்டு உதடுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கசிகிற நீரையும் இழுத்துவிடும். பச்சை விளக்கு மினுக்கினால் எல்லாம் சரி. மஞ்சள் மினுக்கினால் எங்கோ காற்று புகுந்துவிட்டது. ஏழு நாள் இது கழலக்கூடாது. நர்ஸ் மிஸ்ஸி ரொஸ்னானி, சொன்னதையே மூன்று தடவை சொல்பவள், வீட்டுக்கு அனுப்பும்போது கல்சோமையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். எடை தூக்கக்கூடாது. குழாய் மடங்கக்கூடாது. படலத்துக்குப் பக்கத்தில் பவுடர், களிம்பு, எண்ணெய் எதுவும் வரக்கூடாது.

"எண்ணெய் வரக்கூடாது" என்று கல்சோம் பள்ளிப் பிள்ளைபோலச் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே வீடு திரும்பினாள். படியேறி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மைமூன் ஒரு கையில் வாழையிலையால் மூடிய அடுக்குப் பாத்திரமும் மறுகையில் குடையுமாக மழையில் வந்தாள். அறுபதை நெருங்குகிற உடம்பு, ஆனால் மணிக்கட்டு இரண்டும் துடுப்புக் கட்டைபோல இருக்கும். ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியம் பார்ப்பதும், சுளுக்கெடுப்பதும், உடம்பு பிடித்துவிடுவதும் அவள்தான். அறுத்துத் தைத்த உடம்பு ஒன்று எதிர் வீட்டுக்கு வருகிறது என்று நோரைனி போனில் சொன்ன பிறகு அவளைக் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டிருக்கவும் மாட்டாள் கல்சோம்.

வந்தவள் முதலில் மார்பைப் பார்த்தாள். பிறகு குழாயைப் பார்த்தாள். பிறகு பெட்டியில் காது வைத்துக் கேட்டாள்.

"உறுமுதே."

"உறிஞ்சுதுக்கா."

"ரத்தத்தையா?"

"காத்தை."

"காத்தை உறிஞ்ச ஒரு பெட்டியா? பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினா காத்து தானா வெளிய போயிடும்." சொல்லிவிட்டு அடுக்கைப் பிரித்தாள். மிளகு போட்டுச் சுட்ட விரால் மீன், சூடான சோறு, வதக்கிய கீரை. புண் ஆற விராலுக்கு மிஞ்சியது இல்லை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் நின்ற வயலில் இடுப்பளவு சேற்றில் நின்று பிடித்தால்தான் விரால்.

கல்சோம் மீனைப் பார்த்தாள். நாத்தனாரின் சாரோங்கில் காயாமல் இருந்த சேற்றைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. ஏழு நாள். எழுந்து வேலை செய்யக்கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இவளோ வேலை செய்யத் தானாக வந்து நிற்கிறாள்.

"ஆறிப்போச்சேக்கா" என்றாள்.

மைமூன் மறுபடி சுட்டுக் கொண்டுவந்தாள். முள் அதிகம் என்றாள் கல்சோம். மறுநாள் வேறு விரால் வந்தது. சேற்று வாசம் அடிக்கிறது என்று அதைத் தின்னும்படி பூனையிடம் தள்ளினாள். பூனை தின்றுவிட்டு மைமூனின் காலில் உரசியது. மூன்றாவது நாள் மைமூன் மீனை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, கல்சோம் எழுந்துபோய் ஒரு முட்டையை வேகவைத்து, உரித்து, புடு மீன்சாற்றில் தோய்த்துத் தின்றாள். பத்தியத்தில் முட்டை விஷம். தையல் அரிக்கும், தடித்துவிடும் என்பார்கள். மைமூனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உனக்கு என்மேல கோவம்னா என்னை ரெண்டு வார்த்தை திட்டு. உடம்பை ஏண்டி பழி வாங்குற?"

"கோவமா? எனக்கென்ன கோவம்? முட்டை தின்ன ஆசையா இருந்துச்சு, தின்னேன். அவங்கவங்களுக்கு ஒரு ஆசை. சில பேருக்கு ஆத்தைத் தாண்டிப் போகணும்னு ஆசை."

மைமூன் தட்டை எடுத்துக் கழுவப் போனாள். கல்சோமுக்கு உள்ளே இனித்தது. ஆறு வருடத்தில் அன்றுதான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது. குளிக்கத் தண்ணீர் இறைக்கச் சொன்னாள். துணி துவைக்கச் சொன்னாள். மடித்துவைத்த துணியைக் கலைத்து மறுபடி மடிக்கச் சொன்னாள். ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் ஒரு முள்ளைச் செருகினாள். அந்தப் பக்கத்துச் சோப்பு நன்றாக நுரைக்குமாமே என்பாள். அந்தப் பக்கத்துத் தேத்தண்ணி தடிப்பாக இருக்குமாமே என்பாள். கேள்வியாக மட்டும் கேட்கமாட்டாள். தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். பெரிய மீன் அடியிலேயே கிடந்தது.

நான்காம் நாள் மைமூன் கல்சோமின் சமையலறையில் இருக்கும்போது டெராமான் அவளுக்குப் போன் செய்தான். மைமூனுக்குக் காது மந்தம், எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் கல்சோம் படுத்திருந்தாள். வெட்டியது உண்மைதானா என்று அவன் கேட்டான். உண்மைதான், ஆனால் நன்றாக இருக்கிறாள் என்று மைமூன் சொன்னாள். போனில் டெராமானின் குரல் கொரகொரத்தது.

"சரி, வெட்டிக்கட்டும். அவ விடுதலை விடுதலைன்னு காதி ஆபீசுக்கு நடந்தால்ல? நான் விடமாட்டேன்னு சொல்லு. கிழவியாகுற வரைக்கும் அங்கயே தொங்கட்டும். நீ வாயை மூடிக்கிட்டு இரு. நீ இருக்கிற வீட்டு மண்ணு யாரு பேர்ல இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்."

மைமூன் ம் என்று மட்டும் சொல்லி வைத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் கல்சோமின் கை தானாகப் பெட்டியைத் தொட்டது. பச்சைதான் மினுக்கியது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டது டெராமானின் குரல். ஆனால் எரிச்சல் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருந்தவள் மைமூன்தான்.

அன்று சாயங்காலம் கல்சோம் முதுகு வலிக்கிறது என்றாள்.

உண்மையிலேயே வலித்தது. இருபத்தைந்து வருடமாக முன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த பாரம் திடீரென்று இல்லாமல் போனதும், முதுகுக்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. ஆனால் வலிக்காக அவள் சொல்லவில்லை. மைமூன் தன் பின்னால் மண்டியிட வேண்டும். தன் முதுகைப் பிடித்துவிட வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

மைமூன் தயங்கினாள். "எண்ணெய் ஆகாதுன்னு சொன்னாங்கன்னு நீதானே சொன்னே?"

"மாருக்குத்தான் ஆகாது. முதுகு என்ன பண்ணிச்சு?"

"வெறும் கையால பிடிக்கிறேன்."

"வெறும் கையால பிடிக்க நான் என்ன பலகையாக்கா? ஊரு முழுக்க எண்ணெய் போட்டுப் பிடிக்கிறீங்க. தம்பி பெண்டாட்டிக்குன்னா எண்ணெய் தீந்துபோகுதா?"

மைமூன் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்தாள். தேங்காய் எண்ணெயில் இஞ்சியும் எலுமிச்சைப் புல்லும் போட்டுக் காய்ச்சியது. இரண்டு கையையும் சூடாகத் தேய்த்துக்கொண்டு முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் இறங்கினாள். அவள் கை எந்த முடிச்சையும் தேடவில்லை, நேராக அங்கே போய் நின்றது. தோளில் இருந்த பள்ளம் இரண்டையும் கட்டைவிரலால் நீவும்போது அவள் விரல் கொஞ்சம் நின்றது. "இவ்வளவு ஆழமா" என்று தனக்குள் சொன்னாள். கல்சோம் பல்லைக் கடித்துக்கொண்டாள். சுகமாக இருந்தது. சுகமாக இருப்பதே அவமானமாக இருந்தது. "இன்னும் அழுத்துங்க. கோலோக்ல கூட்டம் நெருக்கித் தள்ளுமாமே, அந்த மாதிரி" என்றாள். மைமூன் அழுத்தினாள்.

மறுநாள் சாயங்காலமும் பிடித்துவிடச் சொன்னாள். ஆறாம் நாளும் சொன்னாள். அன்று இடுப்புக்கு மேலே, விலாப் பக்கம் என்று கையை இழுத்து இழுத்துக் காட்டினாள். படலத்தின் விளிம்பு இடது அக்குளுக்குக் கீழே முடிகிறது என்பது அவளுக்குத் தெரியும். மைமூனுக்கும் தெரியும். மைமூன் நாலு விரல் தள்ளியே நின்றாள். ஆனால் எண்ணெய்க்கு நாலு விரல் கணக்குத் தெரியாது. மழைக்காலத்துப் புழுக்கத்தில், படுத்த உடம்பில், அது தானாக வழிந்து போய்ச் சேர்ந்தது.

ஏழாம் நாள் விடியும்போது பெட்டி வேறு மாதிரி சத்தம் போட்டது. விடாமல், மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி. மஞ்சள் விளக்கு மினுக்கியது. கல்சோம் சட்டையை விலக்கிப் பார்த்தாள். சுருங்கி ஒட்டியிருந்த படலம் இடது பக்கம் தளர்ந்து தொங்கியது. விரலால் அழுத்தினாள். ஒட்டியது, கையெடுத்ததும் வழுக்கிக்கொண்டு எழுந்தது. படலத்தின் அடியில், நங்கூரத்தின் தண்டும் வளைவும் சேருகிற அந்த மூலையில், ஈரம் தெரிந்தது. முகர்ந்தாள். எலுமிச்சைப் புல் வாசம்.

மைமூன் கஞ்சியோடு வந்து பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். பெரிய ரோட்டில் கணுக்கால் தண்ணீர். மைமூன் முட்டிவரை சாரோங்கைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய், காய்கறி வேன் ஒன்றை நிறுத்தி, கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கல்சோம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வலி அதிகம் இல்லை. பயம் இருந்தது. டாக்டர் சொன்ன மூலை பிரிந்துவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரி, மாதக்கணக்கில் புண், வெயில் வந்தும் பலகை முன்னால் உட்கார முடியாது. டெராமான் வந்து பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் வேன் பள்ளத்தில் விழுந்தது.

மிஸ்ஸி ரொஸ்னானி படலத்தை உரித்தாள். உரிக்க வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன இது? மீன் பொரிக்கவா எண்ணெய் ஊத்துனீங்க?"

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் சிரித்தாள். மூலையில் நகத்தகலம் தையல் வாய் திறந்திருந்தது. மேலாகத்தான், உள்ளே பிடித்திருக்கிறது, சீழ் இல்லை, நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். இன்னொரு தடவை உறிஞ்சுகட்டு போட்டு ஒரு வாரம் வைப்போம், சேர்ந்துகொள்ளும் என்றார். அவர் போனதும் மிஸ்ஸி சுத்தம் செய்தபடி மறுபடி தொடங்கினாள். மூன்று தடவை சொன்னேனா இல்லையா, திருப்பிச் சொன்னீங்களா இல்லையா, யார் தேய்த்தது என்று கேட்டாள்.

கல்சோம், இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள். வார்டு முழுவதும் பார்க்கிறது. ஊருக்கே பத்தியம் பார்க்கிற கை, இன்று எண்ணெய்க் கையாக நடு வார்டில் நிற்கிறது. மைமூன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, கல்சோம்தான் கேட்டாள் என்று சொல்வாள். சொல்லட்டும். அப்போது இன்னும் நாலு வார்த்தை பேசலாம்.

"நான்தான்" என்றாள் மைமூன். கை இரண்டையும் முக்காட்டின் நுனியில் துடைத்துக்கொண்டாள். "அவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல. பழைய காலத்து மனுஷி, புத்தி கெட்டுப்போச்சு."

மிஸ்ஸி அவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். மைமூன் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டாள். புதுப் படலம் ஒட்டியது. பெட்டி ஒருமுறை செருமிவிட்டு உள்ளிழுத்தது. படலம் தோலோடு சுருங்கிப் போய் இறுகியது. பச்சை.

கல்சோமுக்குப் பழி தீர்ந்த நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னைவிடக் கோபம்தான் வந்தது. எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறாள் இவள். கண்ணைக்கூட இமைக்கவில்லை. தம்பிக்காக ஆறு வருடம் சொன்னாள், இன்று எனக்காக ஒரு நொடியில் சொல்கிறாள். யார் பக்கத்தில் நிற்கிறாளோ அவர்களுக்காகப் பொய். தன் வாயிலிருந்து ஒரு உண்மையை எடுத்துக் கொடுக்க மட்டும் இவளுக்கு மனசு வராதா?

ஆஸ்பத்திரி முகப்பில் காய்கறி வேனுக்காக உட்கார்ந்திருந்தார்கள். மழை தகரக் கூரையில் அடித்தது. மைமூன் கேன்டீனிலிருந்து சங்குப்பூ போட்டு வடித்து இலையில் கட்டிய நீலச் சோறு ஒன்று வாங்கிவந்து, அதில் இருந்த அவித்த முட்டையை எடுத்துவிட்டு நீட்டினாள். கல்சோம் வாங்கிக்கொள்ளவில்லை.

"இப்ப திருப்தியா?" என்றாள் மைமூன். சண்டைக்குக் கேட்கவில்லை, களைத்துப் போய்க் கேட்டாள்.

"இல்ல."

"சேத்துல நிக்க வச்ச. மண்டி போட வச்ச. பேத்தி வயசுப் பொண்ணு வார்டுல நிக்க வச்சுத் திட்டுனா, அதையும் கேட்டுக்கிட்டேன். இன்னும் என்னடி வேணும் உனக்கு?"

"நான் சொல்லச் சொன்னேனா? நான் வேண்டாம்னு சொன்னேன்னு பொய் சொல்லச் சொன்னேனா?"

"பின்ன எப்படிச் சொல்றது? உடம்பு முடியாதவளை நடு வார்டுல விட்டுக்குடுக்கச் சொல்றியா?"

"என்னை எப்பவோ விட்டுக்குடுத்துட்டீங்க."

மைமூன் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வேன் வந்து போனது, அவர்களுடையது வரவில்லை.

"போன்ல அவன் பேசுனதை நீ கேட்டேல்ல?" என்றாள்.

"கேட்டேன்."

"வீட்டு மண்ணு அவன் பேர்ல இருக்கு. என்னைத் தூக்கி வெளிய போட்டா எனக்குப் போக்கிடம் இல்ல. புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. அதுவும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இந்த ஆறு வருஷமா முள்ளு முள்ளாக் குத்துற? சோப்பு, தேத்தண்ணி, எண்ணெய், கூட்டம். எத்தனை விதமாடி ஒரு ஊரைச் சொல்லுவ? வாயைத் தொறந்து நேராக் கேளேன். உன் கண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு, வாய் கேக்க மாட்டேங்குது. கேட்டாத்தானே ஆகும்னோ ஆகாதுன்னோ நான் சொல்ல முடியும்?"

கல்சோம் பெட்டியைக் கையில் எடுத்தாள். அது உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்தது. அவளாக வந்து சொல்ல வேண்டும், அழுதுகொண்டே வந்து சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பக்கத்தில் இருப்பவள் அழவில்லை. சோற்றுப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன்மேல் என்ன விழப்போகிறதென்று தெரிந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டால் அது மைமூனின் வீட்டைப் பிடுங்குவதற்குச் சமம். கல்சோமுக்கு அது தெரிந்தே இருந்தது. டெராமான் பிடுங்கினால் என்னோடு வந்து இருங்கள் என்று முதலில் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லவில்லை. அதை மைமூனின் பதிலுக்கு விலையாக வைக்க அவளுக்கு மனமில்லை. பதில் விலை இல்லாமல் வரட்டும்.

"வெள்ளி சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தொறந்ததும் என்கூட காதிகிட்ட வாங்கக்கா" என்றாள். "உங்க தம்பி நிக்காஹ்ல மோதிரத் தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு அங்க உங்க வாயால சொல்லுங்க."